ஏசிக் கொம்பனி லோறன்ஸ்

முல்லைத்தீவுக் கரையோரம் நாயாற்றில் பிறந்து நாயாற்றிலேயே வலை இழுத்து வளர்ந்த லோறன்ஸ், இருந்த ஒரே வள்ளத்தையும் விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு பஹ்ரைனுக்குப் போனார். போன இடத்திலும் அவர் மீன்தான் பிடித்தார்.

தொழிற்சாலை வேலை என்று சொல்லித்தான் விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கியதும் ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பிக் கூடுகளைக் கடலில் இறக்குவதும் தூக்குவதும் மீனைத் தட்டிக் கொட்டுவதும்தான் வேலை. ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று கோயில் வாசலில் நின்று, "இனி எனக்கும் கடலுக்கும் ஒரு கதையும் இல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். கடல் தாண்டிப் போயும் கடலிலேதான் விழுந்து கிடக்கிறேன் என்று எந்த முகத்தோடு வீட்டுக்கு எழுதுவது?

சம்பளக் கணக்குப் பார்க்க ஒருமுறை முதலாளியின் கந்தோருக்குப் போயிருந்தார். சுவரில் இருந்த பெட்டியிலிருந்து குளிர்காற்று வந்து, வெயிலில் உரிந்த அவருடைய முகத்தில் பட்டது. வெளியே போ என்று சொல்லும்வரை அதன் கீழேயே நின்றார். அடுத்த கடிதத்தில் மனைவி இராசாத்திக்கு எழுதினார்: நான் இங்கே ஏசிக் கொம்பனியில் வேலை செய்கிறேன்.

பிள்ளை குட்டி இல்லாத இராசாத்திக்குச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ஊர் முழுக்கச் சொன்னாள். லோறன்ஸ் திரும்பி வந்தபோது அவருடைய பெயர் ஏசிக் கொம்பனி லோறன்ஸ் என்று மாறியிருந்தது. நாயாற்றில் மின்கம்பமே இல்லை. ஏசியை எங்கே தேடுவது? பொய்க்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. கொண்டு வந்த காசு கரைந்ததும் மறுபடியும் களப்பில் வலை போட்டார். "கரண்ட் இல்லாத ஊரில அந்தாள் வேற என்ன செய்யிறது" என்று சனமே அவருக்காகப் பேசியது.

பிறகு நாட்டில் சண்டை வந்து, இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் வந்து நின்றார்கள். முகாமை விட்டு வெளியே தங்குவதற்கு ஆமியின் பாஸ் வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். வேதக் கோயில் சுவாமியார் சொல்லி, பரமலிங்கம் என்பவர் முன்வந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வவுனியாவின் குருமன்காட்டில் பெரிய வீடு. மகன் நிரஞ்சன் கனடாவில். மனைவி வடிவம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். வீட்டின் பின்னறையை லோறன்ஸுக்கும் இராசாத்திக்கும் கொடுத்தார். தோட்டம் பார்ப்பதும் சந்தைக்குப் போவதும் லோறன்ஸின் வேலை. இராசாத்தி பகலில் ஒரு கடைக்கு மிளகாய்த் தூள் பக்கற் பண்ணப் போய் வந்தாள். வடிவம்மாவைப் பார்த்துக்கொள்ள வீரம்மா என்று ஒரு பெண் இருந்தாள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மன்னார் றோட்டுப் பக்கத்தில் குடியேறிய குடும்பம். புருஷன் இல்லாதவள். வடிவம்மாவைப் புரட்டி, துடைத்து, சோறு ஊட்டி, தலை வாரிவிடுவது எல்லாம் அவள்தான்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டுச் சித்திரை வெயில் வவுனியாவைப் போட்டு வாட்டியது. படுத்த படுக்கையாய்க் கிடந்த வடிவம்மாவின் முதுகெல்லாம் வேர்க்குரு போட்டு, புண்ணாகத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்ட மகன் அங்கேயே தவித்தான். அவன் அனுப்பிய காசில் கொழும்பிலிருந்து ஏசி வந்தது. வந்தவர்கள் அதைச் சுவரில் பொருத்தி, வெளியே ஒரு பெட்டி வைத்து, குழாய் இழுத்து முடித்துவிட்டு, றிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு விளங்கப்படுத்துவது என்று பார்த்தார்கள்.

பரமலிங்கம் சிரித்தார். "எனக்கு ஏன் தம்பி? எங்கட லோறன்ஸ் பஹ்ரைனில ஏசிக் கொம்பனியில இருந்தவர். அவருக்குச் சொல்லுங்கோ. அவர் உங்களுக்கே சொல்லித் தருவார்."

வந்தவன் பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு போனான். ஒவ்வொரு பொத்தானைத் தொடும்போதும் லோறன்ஸ் தலையாட்டினார். "ஓம், ஓம். தெரியும். தெரியும்." தெரியும் என்பவனுக்கு யார்தான் நின்று சொல்லிக் கொடுப்பார்கள்? அவன் பாதியிலேயே நிறுத்திவிட்டு றிமோட்டைக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒரு பொத்தானை அமத்தினால் ஓடும், மறுபடி அமத்தினால் நிற்கும் என்பது மட்டும் லோறன்ஸின் மனதில் நின்றது.

கொஞ்ச நாள் அதுவே போதுமாக இருந்தது. அறை குளிர்ந்தது. வடிவம்மாவின் முதுகு காய்ந்தது. "லோறன்ஸ், நீர் நல்லாயிருக்கோணும்" என்று அவர் வாயார வாழ்த்தினார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு நிற்கும்போது லோறன்ஸுக்குக் கால் கூசியது. றிமோட்டை அவர் கட்டில் தலைமாட்டு மேசையில் வைத்து, வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

ஒரு மத்தியானம் வடிவம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இண்டைக்குக் குளிர் கூடிப்போச்சு லோறன்ஸ். கொஞ்சம் குறைச்சு விடும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

லோறன்ஸ் றிமோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடியில் ஓர் இலக்கம் இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நத்தார்ப் பண்டிகைக்கு வாசலில் கட்டும் வெள்ளி மாதிரி, ஆறு முனை. நட்சத்திரம் என்றால் இரவுக்கு உரியதாகத்தான் இருக்கும், பகலில் இரவுக் குளிரை விட்டிருக்கிறோம், அதுதான் அம்மா நடுங்குகிறார் என்று நினைத்தார். ஒரு பொத்தானை அமத்தினார். நட்சத்திரம் போய்த் தண்ணீர்த் துளி வந்தது. தண்ணீர் ஒழுகப் போகிறதோ என்று பயந்து மறுபடி அமத்தினார். காற்றாடிப் படம் வந்தது. காற்றாடி நல்லது, காற்றுத்தானே வேண்டும் என்று அதில் விட்டுவிட்டு வெளியே போனார்.

பின்னேரம் பரமலிங்கம் அறைக்குள் வந்தபோது வடிவம்மா வியர்வையில் ஊறிப்போய்க் கிடந்தார். ஏசியிலிருந்து காற்று வந்தது. ஆனால் றோட்டுக் காற்றைப் போல வெறும் காற்று. லோறன்ஸைக் கூப்பிட்டார். லோறன்ஸ் நிறுத்தினார், போட்டார், கண்ட பொத்தானெல்லாம் அமத்தினார். பெட்டி கீச்சு கீச்சென்று கத்தியது. ஒரு மஞ்சள் வெளிச்சம் பற்றியது. குளிர் வரவில்லை.

"என்ன லோறன்ஸ், என்ன பிழை?"

அந்த இடத்தில் தெரியாது என்ற ஒரு சொல் போதும். அவர் றிமோட்டைக் காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்தார். மீன்காரன் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, எல்லாம் தெரிந்தவரின் பாவனையோடு. பிறகு சொன்னார்: "உள்ளுக்க ஏதோ ஆடுது ஐயா. ஆரோ விழுத்திப்போட்டினம் போல."

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த அறைக்குள் வேலை செய்கிற ஆள் ஒருத்திதான். பரமலிங்கம் வீரம்மாவைக் கூப்பிட்டார்.

"நான் தொடவே இல்லைங்க ஐயா. துணி மாத்துறப்பகூட அந்த மேசையைத் தள்ளி வைக்க மாட்டேங்க."

"தொடாமல் எப்பிடி உடைஞ்சது? இந்தத் தோட்டத்து ஆக்களுக்கு எதைக் கண்டாலும் கிண்டிப் பாக்காட்டிச் சரிவராது. பிள்ளை பனிக்குள்ள நிண்டு உழைச்சு அனுப்பின சாமான்!"

"இஞ்சேருங்கோ, அவள் தொட மாட்டாள்" என்று கட்டிலில் இருந்து வடிவம்மா சொன்னார். பரமலிங்கம் கேட்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் மனைவியின் முதுகுப் புண்ணை நினைத்த மாத்திரத்தில் அவருக்குக் கண் மண் தெரியவில்லை. ஏச ஏச, வீரம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை. கடைசியில், "நான் ஒடச்சேன்னு நெனைக்கிற வீட்டுல நான் நிக்கமாட்டேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வடிவம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். லோறன்ஸ் சுவரில் இருந்த ஏசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வடிவம்மாவைப் பார்க்கிற வேலை இராசாத்தியின் தலையில் விழுந்தது. மிளகாய்க் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பழக்கமில்லாத கையால் ஒரு பாரமான உடம்பைப் புரட்டினாள். பின்னறைக்கு வந்து நாரி உளைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். "வீரம்மா நல்ல மனுசி. இந்த வேலையை ஒரு நாளும் முகஞ்சுளிச்சுச் செய்ததை நான் காணேல்லை. கைதவறி விழுத்தியிருந்தால் விழுத்தினன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே" என்றாள். லோறன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. மீனில் முள் கூடிப்போச்சு என்று சொல்லிச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

பரமலிங்கம் பஜாரில் ஃபிரிட்ஜ் திருத்துகிற நிஷாந்தன் என்ற இளைஞனைக் கூட்டி வந்தார். அவன் சட்டைப் பையில் இருந்த திருப்புளியைத் தொடக்கூட இல்லை. றிமோட்டைப் பார்த்தான், ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினான், கையை உயர்த்திப் பெட்டியின் வாயருகே பிடித்தான். கொஞ்ச நேரத்தில் குளிர் வந்தது.

"இதில ஒரு பிழையும் இல்லை ஐயா. வெறும் காற்றாடியில விட்டிருக்கு. இந்தா, இந்தப் படம் வந்தால்தான் குளிர் வரும்."

"நட்சத்திரமோ?" என்று லோறன்ஸ் தன்னை அறியாமலே கேட்டுவிட்டார்.

"நட்சத்திரம் இல்லை அண்ணை. பனி. பனித்துகள் அப்பிடித்தானாம் இருக்கும்." அவன் லோறன்ஸைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கள்தானே பஹ்ரைனில ஏசிக் கொம்பனியில இருந்தது? உங்களுக்கு இது தெரியாதோ?"

குத்திக் கேட்கவில்லை. சும்மா, தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்பது போலத்தான் கேட்டான். பரமலிங்கமும் திரும்பிப் பார்த்தார். லோறன்ஸின் நாக்கு, அவர் கேட்காமலே, தானாக வேலை செய்தது.

"அது தம்பி, எங்கட காலத்தில ஜன்னல் ஏசி. திருகுறதுதான். றிமோட் எல்லாம் பிறகு வந்தது."

"ஓமோம், அது சரி" என்றான் நிஷாந்தன். பரமலிங்கமும் தலையாட்டினார். அவ்வளவுதான். ஒருவரும் சந்தேகப்படவில்லை. பிடிபட்டிருந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும் என்று லோறன்ஸுக்குத் தோன்றியது. அவர்கள் நம்பியது முகத்தில் காறித் துப்பியது போல இருந்தது.

"அப்ப அவள் உடைக்கேல்லை, எங்கயோ கைபட்டு மாறியிருக்கு" என்று பரமலிங்கம் தாடையைத் தடவினார். "லோறன்ஸ், நீர் ஒருக்காப் போய் வீரம்மாவை வரச்சொல்லும். நடந்ததை விடட்டாம் எண்டு சொல்லும்."

அடுத்த நாள் லோறன்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். காவலரணில் ஆமிக்காரன் பாஸை வாங்கிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். அதற்கே அவருக்கு வாய் தடுமாறியது. மன்னார் றோட்டுக் குடியேற்றத்தில் வீரம்மாவின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமிருக்கவில்லை. அவள் வேம்பின் கீழே சாக்கை விரித்துக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்கவில்லை. "வாங்க அண்ணே" என்றாள்.

"ஐயா வரட்டாம் வீரம்மா. மெஷின் உடையேல்லையாம்."

"ஒடயலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே."

லோறன்ஸ் சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்தார்.

"நீங்க ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு அதை அமுக்கி அமுக்கிப் பாத்தீங்கல்ல. அம்மாவுக்குச் சுடுதண்ணி எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க மொகம் வேர்த்து நின்னதைப் பாத்துட்டு, சங்கடப்படுவீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்."

"பிறகு ஏன்... ஏன் ஐயாட்டச் சொல்லேல்லை?"

வீரம்மா கையில் இருந்த கச்சானை உடைத்து, பருப்பைச் சுளகில் போட்டாள். "சொல்லி? வெளிநாட்டுல ஏசிக் கம்பெனில வேல பாத்தவரு ஒரு பக்கம். தோட்டக்காட்டாள் ஒருத்தி ஒரு பக்கம். யார் சொல்றது எடுபடும்? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணே. ஐயா என்னை ஏசுறப்ப நான் ஐயாவைப் பாக்கலை, ஒங்க மூஞ்சியைத்தான் பாத்தேன். நீங்க அந்தப் பெட்டியைப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் லோறன்ஸ் வாயைத் திறந்தார். அது எவ்வளவு மலிவான சொல் என்று அந்த நேரத்தில் பட்டது.

"அம்மாவுக்காக நான் வர்றேன்" என்றாள் வீரம்மா. "அவங்க முதுகை நெனைச்சா எனக்குத் தூக்கம் இல்லை. ஆனா நான் செய்யலைன்னு ஐயா வாயால சொல்லணும். கைபட்டு மாறிடுச்சு, நடந்ததை விடுன்னு சொன்னா நான் வரமாட்டேன்."

திரும்பி வரும்போது லோறன்ஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டு விறாந்தையில் பரமலிங்கம் தனியாக இருப்பார், காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தார். பரமலிங்கம் விறாந்தையில் இல்லை. குளிர் அறையில் கதிரை போட்டிருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இராசாத்தி வடிவம்மாவின் காலை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். லோறன்ஸ் கதவைப் பாதி திறந்து, "ஐயா, ஒருக்கா வெளியில வாறியளே?" என்றார்.

"உள்ளுக்கு வாரும் லோறன்ஸ். குளிர் போகுது, கதவைச் சாத்தும்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"வீரம்மா வாறாளாமோ?"

"ஐயா, அந்தப் படத்தை மாத்தினது நான். அவள் றிமோட்டைத் தொடேல்லை. உள்ளுக்க ஆடுது எண்டு சொன்னது பொய். எனக்கு ஏசியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

பரமலிங்கம் பேப்பரை மடியில் வைத்தார். "றிமோட் இல்லாத ஏசி எண்டு நேற்றுச் சொன்னீர்?"

"அதுவும் பொய் ஐயா. நான் ஏசிக் கொம்பனியில வேலை செய்யேல்லை."

"அப்ப அங்க என்ன செய்தனீர்?"

"மீன் பிடிச்சன்."

இராசாத்தியின் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அதைப் பிழியவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. லோறன்ஸுக்கு அந்தக் குளிரிலும் காதுமடல் எரிந்தது.

பரமலிங்கம் மடியில் இருந்த பேப்பரை நாலாக மடித்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "நான் அந்த மனுசியை வாயில வந்தபடி ஏசிப்போட்டன்" என்றார். நிமிர்ந்து பார்த்தார். "நீர் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீர். மெஷின் தெரியாட்டி என்ன, உது ஒரு குற்றமே? எனக்கும்தான் தெரியாது. பக்கத்தில நிண்டனீர் லோறன்ஸ்."

பாஸுக்கு இனிப் பொறுப்பு நிற்க மாட்டேன், அறையை விட்டுப் போ என்று சொல்வார் என்று லோறன்ஸ் காத்திருந்தார். பரமலிங்கம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஓட்டோ ஒன்று பிடித்து வரும்படி சொன்னார்.

ஓட்டோவில் இருவரும் போனார்கள். குடியேற்றத்தில் லோறன்ஸ் றோட்டிலேயே நின்றுகொண்டார். வேம்பின் கீழே பரமலிங்கம் நின்று பேசுவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வீரம்மா எழுந்து நின்றதும், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும் தெரிந்தது. அவள் ஒரு பையோடு வந்து ஓட்டோவில் ஏறியபோது, லோறன்ஸ் தான் நடந்து வருவதாகச் சொன்னார். "ஏறுங்க அண்ணே, வெயிலு" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏறிச் சாரதியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார்.

பின்னறையில் இராசாத்தி அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஏன் மீன் பிடிக்கிறன் எண்டு எழுதேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது."

"எதுக்கு வெக்கம்? என்ர அப்பன் மீன் பிடிச்சவர். அண்ணன் கடலிலதான் போனவன். நீங்கள் என்னைக் கேட்டு வரேக்கை உங்கட கையில மீன் வெடுக்கு மணம் மாறேல்லை. அதெல்லாம் வெக்கமோ?" அவளுடைய குரல் உயரவில்லை. "நான் ஊர் முழுக்கச் சொன்னன். முகாம் முழுக்கச் சொன்னன். சுவாமியாரிட்டயும் நான்தான் சொன்னனான். என்னை எல்லாருக்கும் பொய்க்காரியாக்கிப் போட்டியள்."

அதற்குப் பிறகு அவள் மிளகாய்க் கடைக்கு மறுபடி போய் வந்தாள். அவருக்குத் தேவையானதை எல்லாம் செய்தாள். அவரோடு கதை பேச்சு மட்டும் இல்லை. வடிவம்மாவின் அறைக்குள் றிமோட் வீரம்மாவின் பொறுப்பாகியது. லோறன்ஸ் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சனம் நின்றது. முல்லைத்தீவிலிருந்து வந்து நகைக்கடை வைத்திருக்கும் முத்துலிங்கம் என்பவர், வேறு யாரையோ பார்க்க வந்தவர், இராசாத்தியைக் கண்டு கிட்ட வந்தார். கடைக்கு ஏசி பூட்டப் போவதாகவும் லோறன்ஸ் ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துச் சொன்னால் நல்லது என்றும் கேட்டார். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். சுவாமியாரும் நின்றார்.

"அவருக்கு உது தெரியாது அண்ணை" என்றாள் இராசாத்தி, நல்ல தெளிவாக. "அவர் பஹ்ரைனில மீன் பிடிச்சவர். நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன்."

லோறன்ஸுக்குக் கண் இருண்டது. பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டது, எல்லாவற்றையும்விட அவரை வெட்கப்படுத்தியது. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தார். முத்துலிங்கம் சிரிக்கவில்லை.

"அப்பிடியோ? அந்தக் கடலில என்ன மீன் படும்?"

"கலவாய்" என்றார் லோறன்ஸ். "கூட்டுக்குள்ள கலவாய்தான் கூடப் படும். அடுத்தது ஓரா."

"அங்கயும் ஓரா இருக்கோ?" என்று கேட்டது இராசாத்தி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைத்தான் கேட்டாள்.

"இருக்கு" என்றார். "எங்கட ஓராவை விடக் கொஞ்சம் பெருசு."